கொழும்பு தேசிய நூதனசாலைப் பணிப்பாளர் பதவி

கொழும்பு தேசிய நூதனசாலையின் தலைமைப் பதவி 1875இல் தோன்றியது. அப்போது நூதனசாலைக் கட்டடம் திறக்கப்பட்டிருக்கவில்லை. முதல் நூறாண்டில் இப்பதவியில் அமர்ந்தவர்களுள் முதன்மையானவர்கள் விலங்கியல் துறையினராவர்.

தோற்றம்

அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை நாட்டுக்கு ஒரு நூதனசாலை வேண்டுமென நெடுநாள் வற்புறுத்தி வந்தது. 1872இல் ஆளுநராக வந்த வில்லியம் கிரகரி அதை நிறைவேற்றினார். இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் அறங்காவலராக இருந்த அனுபவம் அவருக்கு இருந்தது. ஜே. ஜி. ஸ்மித்தர் வரைந்த கட்டடத்தை வாப்பிச்சி மரைக்கார் கட்டி முடித்தார். 1877 ஜனவரி 1 அன்று நூதனசாலை திறக்கப்பட்டது.

ஆங்கிலேயப் பணிப்பாளர்கள்

முதற் பணிப்பாளர் அமிரால்ட் ஹேலி, 1901 வரை கால் நூற்றாண்டுக்கு மேல் பதவி வகித்தார். மீன், ஊர்வன ஆகியவற்றில் ஈடுபாடு கொண்டவர். மதுசாரத்தில் இட்ட மீன்கள் நிறம் வெளுத்துப் போவது அக்கால நூதனசாலைகளுக்குப் பெரும் தலைவலியாக இருந்தது. தேங்காயெண்ணெயும் காபோலிக் அமிலமும் எந்த அளவிலும் ஒன்றோடொன்று கலக்கும் என்பதைக் கண்ட ஹேலி, அக்கலவையில் மீன்களை இட்டு அவற்றின் நிறத்தைக் காக்க முயன்றார். உள்ளூர்ப் பொருளைக் கொண்டு செய்த இப்பரிசோதனை வெளிநாட்டு அறிவியல் இதழ்களிலும் பேசப்பட்டது.

அடுத்து வந்த ஆர்தர் வில்லி, நொட்டிலசு என்னும் ஓட்டுயிரியின் முட்டைகளைத் தேடிப் பசிபிக் தீவுகளில் சில ஆண்டுகள் அலைந்தவர். 1903இல் ‘ஸ்போலியா செய்லானிக்கா’ என்னும் ஆய்விதழைத் தொடங்கினார். 1910இல் பதவி விலகி, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியரானார். அவருக்குப் பின் வந்த ஜோசப் பியர்சன் கடலுயிரியலாளர். நூதனசாலைப் பணியுடன் அரசின் கடலுயிரியல் பணியையும் சேர்த்துக் கவனித்தார். 1930களின் தொடக்கத்தில் இலங்கைச் சேவையிலிருந்து விலகிய அவர், ஹோபார்ட்டிலுள்ள தாஸ்மேனிய நூதனசாலையின் பணிப்பாளராகச் சென்றார்.

தொல்பொருள்கள் நிறைந்த நூதனசாலைக்கு விலங்கியலாளரை நியமித்தது பொருத்தமானதே. 1890இல் எச். சி. பி. பெல் தலைமையில் தொல்லியல் அளவைப் பணி தொடங்கியதால், அகழ்வும் கல்வெட்டாய்வும் வேறோர் அலுவலகத்தின் பொறுப்பாயின.

தெரணியகலை காலம்

பியர்சன் சென்றபின் சில ஆண்டுகள் நிரந்தர நியமனமின்றிக் கழிந்தன. கண்டி அரசரின் அரியணை 1934இல் பிரித்தானியாவிலிருந்து திரும்பி வந்தது இந்த இடைக்காலத்தில்தான். 1939இல் பி. இ. பி. தெரணியகலை பணிப்பாளரானார்; இப்பதவியில் நிரந்தரமாக அமர்ந்த முதல் இலங்கையர் இவரே. வரலாற்றாசிரியர் போல் பீரிஸின் மகன். இரத்தினபுரிப் பகுதியின் இரத்தினக்கல் குழிகளில் கிடைத்த யானை, காண்டாமிருகம், நீர்யானை ஆகியவற்றின் புதைபடிவங்களை ஆராய்ந்தார். இலங்கையின் தொல்பழங்கால மனிதனான பலாங்கொடை மனிதனை உலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் இவரே. 1942ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் தேசிய நூதனசாலைகள் திணைக்களம் உருவானது. அதன் பின் பணிப்பாளரின் பொறுப்பு கண்டி முதலிய கிளைகளுக்கும் விரிந்தது. 1963இல் அவர் ஓய்வுபெற்றதோடு நூதனசாலை ஆய்வின் பொற்காலம் முடிவுற்றது.

பிற்காலம்

பின்னர் பணிப்பாளரான பி. எச். டி. எச். டி சில்வாவும் விலங்கியலாளரே. பாம்புகளைப் பற்றி நூல் எழுதியவர். எனினும் வெளிநாட்டு நூதனசாலைகளில் உள்ள இலங்கைத் தொல்பொருள்களைப் பட்டியலிட்டு 1975இல் அவர் வெளியிட்ட நூலே பெரிதும் அறியப்படுகிறது. அப்பொருள்களைத் திருப்பிக் கேட்கும் முயற்சிகளுக்கு அது அடிப்படையாயிற்று. 1986இல் இயற்கை வரலாற்றுச் சேகரிப்பு அருகிலுள்ள தனிக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டது.

அண்மைக் காலத்தில் பெண்களும் திணைக்களத் தலைமையை வகித்துள்ளனர்.