லாந்துக் காடு: தீயும் வாய்க்காலும்

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியின் பூகோளப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. ஆட்டுத்தோல் போர்த்திய இடையர் ஒருவர் உயரமான பொய்க்காலில் நின்றபடி ஆடு மேய்த்துக்கொண்டிருப்பார். பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகருக்குத் தெற்கே உள்ள லாந்துப் பகுதி அது. சதுப்பாகக் கிடந்த இடத்தை அரசாங்கம் பைன் காடாக மாற்றியது என்று பாடம் முடிந்துவிடும். காட்டுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பது அதில் இல்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன். அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் அந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். தட்டையான மணல் பூமி. மணலுக்குக் கீழே பல இடங்களில் இரும்புச் சத்து கலந்து கல்லைப்போல் இறுகிய அடுக்கு ஒன்று உண்டு. மழைக்காலத்தில் தண்ணீர் கீழே இறங்காது. சரிவு இல்லாததால் ஓடவும் ஓடாது. கோடையிலோ மேலே காய்ந்து கிடக்கும். பொய்க்கால் அதனால்தான். ஷாம்ப்ரெலான் என்ற பொறியாளர், 1849-இல் செஸ்தாஸ் ஊர்ப்பக்கம் நிலம் வாங்கி, முதலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, பிறகு பைன் விதைத்துக் காட்டினார். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1857 ஜூன் 19-ஆம் தேதிச் சட்டம் இதையே எல்லா ஊர்களுக்கும் கட்டாயமாக்கியது. ஊர்ப் பொது நிலத்தில் பெரும்பகுதி விற்கப்பட்டது. இடையர்களுக்கு மேய்ச்சல் போயிற்று. ஏறத்தாழ 10 லட்சம் ஹெக்டேர் காடு உருவாயிற்று. அதில் பெரும்பகுதி தனியார் சொத்து.

இரண்டாம் உலகப் போரில் அந்தக் காட்டைப் பார்க்க ஆளில்லாமல் போயிற்று. பிசின் எடுக்கும் தொழிலாளர் பலர் ஜெர்மனியில் போர்க் கைதிகள். புதர் மண்டியது, பாதைகள் மூடிக்கொண்டன, வாய்க்கால்கள் தூர்ந்தன. நாற்பதுகளில் தீ மேல் தீயாக வந்தது. 1949-ஆம் ஆண்டு கடும் வறட்சி. ஆகஸ்ட் 19-ஆம் தேதி சோக்கா என்ற ஊரில் மர அறுவை ஆலை ஒன்றில் தீ பிடித்தது. மறுநாள் பிற்பகல் காற்று திடீரென்று திசை மாறியது. தீயை எதிர்த்து நின்றவர்கள் நாலு பக்கமும் மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்போர், தொண்டாக வந்த ஊர்க்காரர்கள், இளம் ராணுவ வீரர்கள் என்று 82 பேர் மாண்டார்கள். காடும் புதர்நிலமுமாகச் சுமார் 50,000 ஹெக்டேர் கருகியது. ஷாம்ப்ரெலான் முதல் வாய்க்கால் வெட்டிய அதே செஸ்தாஸ், சரியாக நூறு வருடம் கழித்துப் பிணங்களை எண்ணியது.

தீ அணைந்த பிறகு இன்னொரு தொல்லை. பைன் மரம் நிலத்தடி நீரை உறிஞ்சிக் காற்றில் விடும். மரம் போனதும் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. நீர்மட்டம் மேலே வந்தது. பழைய சதுப்பு திரும்ப எட்டிப் பார்த்தது. நீர் தேங்கிய மணலில் பைன் கன்றின் வேர் அழுகும். தீயணைப்பு வண்டியும் புதைந்துவிடும். ஆக, காட்டை மீட்பதற்கு முதல் வேலை மறுபடியும் வாய்க்கால்தான்.

அதை யார் செய்வது? என் துண்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒவ்வொருவரும் சொன்னால், பக்கத்துத் துண்டில் தூர்ந்த வாய்க்கால் என் துண்டையும் மூழ்கடிக்கும். பக்கத்துப் புதரில் பற்றிய தீ என் மரத்தையும் எரிக்கும். காட்டுச் சொந்தக்காரர்கள் கட்டாயமாகச் சங்கம் சேர வேண்டும் என்று 1945 ஏப்ரலிலேயே அரசாணை வந்திருந்தது. ஆணை வருவது ஒன்று, அமலாவது வேறு. ஆபீசில் காலம் தள்ளிய எனக்கு இது நன்றாகத் தெரியும். அந்த ஆணைக்கு ஊர் ஊராக உயிர் கொடுத்தது 1949-ஆம் ஆண்டுத் தீதான். ஹெக்டேருக்கு இவ்வளவு என்று சொந்தக்காரர் பணம் கட்டினார். அந்தப் பணத்திலும் அரசு உதவியிலும் மணல் பாதைகள் போட்டு, ஓரமாக வாய்க்கால் வெட்டினார்கள். தண்ணீர் எடுக்கக் கிணறும் குட்டையும் அமைத்தார்கள். காவல் கோபுரங்கள் எழும்பின. கருகிய இடத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் காடாக்காமல் மக்காச்சோள வயலாக்கி, தீ தாண்ட முடியாத இடைவெளி விட்டார்கள். காட்டின் ஒவ்வொரு வளைவும் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் தொண்டர்களாகி, தீயணைப்பு வண்டிகளுக்கு வழிகாட்டினார்கள்.

நம் பக்கத்துக் குடிமராமத்தும் இதுதானே? ஏரி ஊருக்குப் பொது; ஆகவே தூர் வாருவதும் பொது.

குறையும் உண்டு. வாய்க்காலை அளவுக்கு மீறி ஆழமாக்கினால் மணல் அரித்து லெய்ர் ஆற்றுக்குப் போகும். அந்த ஆறு ஆர்க்காஷோன் குடாவில் கலக்கிறது. காட்டுக்குள் இருந்த பழைய குட்டைகளும் வற்றிவிடும். தண்ணீரை வடிக்கவும் வேண்டும், இருத்தவும் வேண்டும்.

2022 ஜூலையில் தீ திரும்ப வந்தது. லாந்திராஸ் பக்கம் பற்றிய தீ ஆகஸ்டில் மறுபடி கிளம்பி, மொத்தம் 20,000 ஹெக்டேருக்கு மேல் எரித்தது. ஓஸ்தென்ஸ் ஊர் அருகே பூமிக்குள் இருந்த பழுப்பு நிலக்கரி மாதக்கணக்கில் புகைந்துகொண்டிருந்தது. அந்த மாவட்டத்தில் ஜூலையில் மட்டும் 36,000 பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. ஆனால் அந்தத் தீயில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதற்கு விமானம், வானொலி, முன்கூட்டி ஊரைக் காலி செய்தது எல்லாம் காரணம்தான். ஆனாலும் வண்டிகள் போய்த் திரும்பிய அந்தப் பாதைகளும், ஓரத்து வாய்க்கால்களும், வழி சொன்ன உள்ளூர்க்காரர்களும் 82 பேர் செத்த பிறகு உண்டான ஏற்பாடு.

பூகோளப் புத்தகத்தில் பொய்க்கால் இடையர் படத்துக்கு இடம் இருந்தது. வருடா வருடம் ஹெக்டேர் கணக்கில் பணம் கட்டி ரசீது வாங்கிப்போன மனிதர்களுக்கு ஒரு வரி இல்லை. அந்தக் காடு இன்றைக்கும் நிற்பது அந்த ரசீதுகளால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.