வாணிபமும் அறமும்: அனிற்றா றொடிக்கின் முயற்சி

ஈட்டிய பொருளிலே ஒரு பகுதியை ஈதலே வணிகர்க்குரிய அறமென்பது நெடுங்காலம் நிலவிய கருத்தாகும். பொருளீட்டும் முறையும் அறத்தின்பாற்பட்டதாதல் வேண்டும் என்பதைத் தம் தொழிலாலே வற்புறுத்திய பெண்மணியருள் அனிற்றா றொடிக் (1942–2007) குறிப்பிடத்தக்கவர்.

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிறைற்றன் நகரிலே, 1976ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ‘பொடி ஷொப்’ என்னும் ஒப்பனைப் பொருட்கடையை அவர் திறந்தார். கணவர் தென்னமெரிக்கப் பயணம் மேற்கொள்ளவிருந்தமையால், தம்மையும் பெண்மக்கள் இருவரையும் காத்தற்கு அவருக்கு வருவாய் வேண்டியிருந்தது. பிள்ளைகளுடன் சென்று கேட்டபோது வங்கி மறுத்த 4,000 பவுண் கடன், கணவருடன் சென்றபோது கிடைத்தது என அவர் பின்னர் கூறியுள்ளார். புட்டிகள் வாங்கப் போதிய பணமின்மையால், வெறும் புட்டியைத் திரும்பக் கொணர்ந்தோர்க்கு அதனையே மீள நிரப்பிக் கொடுத்தார். முதலின்மை கற்பித்த இச்சிக்கனமே நாளடைவிற் சூழல் பேணுங் கொள்கையாக வளர்ந்தது.

1984இல் நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்தன. 1986இல் ‘கிறீன்பீஸ்’ இயக்கத்துடன் இணைந்து திமிங்கிலங்களைக் காக்கும் இயக்கத்தை நிறுவனம் நடாத்தியது. 1987இல் வறிய நாட்டு உற்பத்தியாளரிடம் நேரே கொள்முதல் செய்யுந் திட்டத்தைத் தொடங்கியது. எனினும், சொல்லுக்குஞ் செயலுக்கும் இடைவெளியுண்டென 1994இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவர் கடுமையாகக் கண்டித்தெழுதினார். 1996இல் நிறுவனம் தன் சமூக, சூழற் செயல்களைக் கணக்காய்வுக்குட்படுத்தி அறிக்கையாக வெளியிட்டது.

2006இல் பிரான்சு நாட்டின் லொறெயால் நிறுவனம் 652 மில்லியன் பவுணுக்குப் பொடி ஷொப்பை வாங்கியது. விலங்குச் சோதனை தொடர்பாகக் கண்டனத்துக்குள்ளாகியிருந்த நிறுவனத்துக்கு விற்றமை ஆதரவாளர் பலரைத் துணுக்குறச் செய்தது. உள்ளிருந்தே அதனைத் திருத்தலாம் என றொடிக் நம்பினார். ஆயின், மறு ஆண்டே காலமானார். நிறுவனம் பின்னரும் கைமாறியது. 2024 பெப்ருவரியில் அதன் பிரித்தானியக் கிளை நொடிப்புற்று, நிருவாகிகளின் பொறுப்பிற்குச் சென்றது.

விலங்குகளிற் சோதிக்கப்பட்ட ஒப்பனைப் பொருட்களின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் முற்றாகத் தடைசெய்தது. றொடிக் முதலியோர் வேண்டிநின்றது அங்ஙனம் சட்டமாயிற்று. ஆதலின் அது நிலைத்தது. பங்குகள் கைமாறும்போது, நிறுவியவரின் நன்னோக்கம் அவற்றுடன் கைமாறுவதில்லை. எனவே, சமூகப் பொறுப்பு நிறுவனத்தின் யாப்பிலும் கணக்காய்விலும் நாட்டின் சட்டத்திலும் இடம்பெறுதல் இன்றியமையாததாகும்.