மூன்றா, இரண்டரையா?

1974-ல் நம்ம லேப்பில் நான் செய்த ஒரு சின்னத் தில்லுமுல்லை இந்த மலரில் ஒப்புக்கொள்கிறேன். எம்.எஸ்ஸி. பிராக்டிகல். எலியின் ஈரலை ஐஸில் வைத்து அரைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றவிட்டு மைட்டோகாண்ட்ரியாவைப் பிரிக்கணும். அது ஓர் ஆக்ஸிஜன் அணுவைச் செலவழித்தால் எத்தனை ஏ.டி.பி. தரும் என்பதுதான் கேள்வி. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு வண்டிக்குப் பார்க்கிற மாதிரி. பெயர் பி/ஓ விகிதம். புத்தகத்தில் 3. எனக்கு வந்தது 2.4. ரெக்கார்ட் நோட்டில் 3 என்று எழுதி, கையெழுத்தும் வாங்கிட்டேன்!

இந்தக் கணக்கு பிறந்தது சோவியத் நாட்டில். பெலிட்சரும் சிபகோவாவும் 1939-ல் தசையை வைத்து அளந்து, குறைந்தது 2 என்றார்கள். 1943-ல் ஓச்சோவா, வழியில் வீணாவதையும் சேர்த்துக் கணக்கிட்டு 3 என்றார். இதெல்லாம் நடப்பது மைட்டோகாண்ட்ரியாவில்தான் என்று கென்னடியும் லெனிஞ்சரும் காட்டியதே 1948-49-ல்தான்.

அளக்க வேண்டியவை இரண்டு. ஆக்ஸிஜனுக்கு வார்பர்க் மானோமீட்டர். குடுவைகள் வெந்நீர்த் தொட்டியில் ஆடிக்கொண்டே இருக்கும், நாம் குழாயில் திரவ மட்டத்தைப் பார்த்துக் குறிக்கணும். பாஸ்பேட்டுக்கு ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை. நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். அந்தச் சுப்பாராவ் யார் தெரியுமா? பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்! ஹார்வர்டில் 1925-ல் ஃபிஸ்கேயோடு இந்த முறையை வெளியிட்டார். 1929-ல் அதே இருவரும், ஜெர்மனியில் லோமனும், தனித்தனியாக ஏ.டி.பி.யையே கண்டுபிடித்தார்கள். அவர் பெயரை நாங்கள் ரீஏஜென்ட் பாட்டில் லேபிளில் மட்டும்தான் படித்தோம்.

1955-ல் சான்ஸும் வில்லியம்ஸும் ஆக்ஸிஜன் மின்முனையைக் கொண்டுவந்த பிறகு வேலை நிமிஷக் கணக்கில் முடிந்தது. ஆனாலும் 2.6 வந்தால் 3 ஆக்குகிற பழக்கம் போகலை. ரசாயனப் படிகள் மூன்று, படிக்கு ஓர் ஏ.டி.பி., அப்புறம் பின்னம் எப்படி வரும் என்று நினைத்தார்கள். தப்பான நினைப்பு என்று சொல்ல முடியாது, அன்றைக்கு அதுதான் நியாயம்.

பின்னத்துக்கு வழி திறந்தவர் பீட்டர் மிட்சல், 1961-ல். சவ்வுக்கு வெளியே புரோட்டான்களைத் தள்ளி, அவை திரும்பி வரும் வேகத்தில் ஏ.டி.பி. உருவாகிறது என்றார். அப்படியானால் முழு எண் எதற்கு? ஒரு என்.ஏ.டி.ஹெச்.சுக்கு 10 புரோட்டான் வெளியே போகுது, ஓர் ஏ.டி.பி.க்கு 4 செலவு. ஆக 2.5. ஹிங்கிள் குழு 1991-ல் அளந்து சொன்னதும் அதுதான், சக்சினேட்டுக்கு 1.5. மாட்டு மைட்டோகாண்ட்ரியாவின் சுழலியில் 8 துண்டுகள் என்று 2010-ல் தெரிந்தபின், அந்தக் கணக்கில் 2.7 வருது. ஒரு குளுக்கோஸுக்கு 38 என்று நாங்கள் மனப்பாடம் பண்ணினோமே, தம்பி தங்கைகளே, உங்கள் புத்தகத்தில் அது 30 - 32.

போன மாசம் பரணைச் சுத்தம் பண்ணும்போது அந்த நோட்டு கிடைத்தது. 3-க்கு அடியில் பிளேடால் சுரண்டின இடம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் 2.4 இன்னும் தெரியுது.