ஒன்பதாவது கால்

அமெரிக்காவில் தோட்டாக்களை வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறவர்கள், நிரப்பும் இயந்திரத்தின் கைப்பிடியை எத்தனை முறை இழுத்தோம் என்று எண்ணத் தாங்களே கருவி செய்துகொள்வதுண்டு. என்னைக் கேட்டால் அதற்கு ஒரு கவுன்ட்டருடன் 555 டைமர் ஐசி போதும்.

1971இல் அதை வடிவமைத்தவர் ஹான்ஸ் கமென்சிண்ட் என்ற சுவிஸ்காரர். சிக்னெடிக்ஸ் வேலையை விட்டுவிட்டு, அதே நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் வரைந்து கொடுத்தார். முதல் வரைவுக்கு ஒன்பது கால்கள் தேவைப்பட்டன. அந்த ஒரு காலுக்காகப் பதினான்கு கால் கூட்டுக்குப் போக வேண்டும். உள்ளே மின்னோட்டத்தை நிலையாக வைத்திருந்த பகுதியைத் தூக்கிவிட்டு, வெளியே ஒரு ரெசிஸ்டர் போட்டால் போதும் என்று பிறகுதான் அவருக்குத் தோன்றியது. எட்டுக் காலில் அடங்கிவிட்டது. இந்தக் கழித்தலைத்தான் நான் மேதைமை என்பேன். 555 என்பது உள்ளே இருக்கும் மூன்று ஐயாயிரம் ஓம் ரெசிஸ்டர்களால் வந்த பெயர் என்று எங்கள் பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுத்தார்கள். கமென்சிண்டே அதை மறுத்திருக்கிறார். விற்பனைப் பிரிவு பிடித்துப்போய் வைத்த எண்ணாம்.

எண்ணும் கருவியில் கைப்பிடி ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு சுவிட்சை அழுத்தும். ஆனால் ஒரு தடவை அழுத்தினால் அதன் தகடுகள் ஒரு தடவையா தொடுகின்றன? சில மில்லி நொடிகள் துள்ளும். கவுன்ட்டர் ஒன்றை நான்காக்கிவிடும். 555உடன் ஒரு லட்சம் ஓம் ரெசிஸ்டரும் ஒரு மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்த்தால், முதல் தொடுகைக்கே 0.11 நொடித் துடிப்பு எழும். மற்றத் துள்ளல்கள் அதற்குள் அடங்கிப்போகும். கைப்பிடி மட்டும் சுவிட்சைச் சட்டென்று கடந்துபோக வேண்டும். அழுத்தியபடி நின்றால், விடும்போது வரும் துள்ளலையும் எண்ணிவிடும்.