தக்காணக் கரிசலும் சம உயர வரப்பும்

இந்திய மண் பாதுகாப்பின் வரலாறு பெரும்பாலும் வரப்புகளின் பரப்புக் கணக்காகவே எழுதப்பட்டுள்ளது. எத்தனை ஏக்கரில் வரப்பு போடப்பட்டது என்பதற்குக் கணக்கு உண்டு. வரப்பின் பின்னே நின்ற நீர் மண்ணுக்குள் இறங்கியதா என்ற கேள்வி பின்னாளில்தான் முன்னுக்கு வந்தது. பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதி இதற்குத் தெளிவான சான்று.

புனே அருகே மாஞ்சரியில் 1923-இல் மானாவாரி ஆய்வு தொடங்கியது. வேளாண்மைக்கான அரச ஆணையம் 1928-இல் அறிக்கை அளித்தபின், 1930-களில் சோலாப்பூர், பிஜாப்பூர், ஹகரி, ராய்ச்சூர், ரோத்தக் ஆகிய இடங்களில் ஆய்வு நிலையங்கள் அமைந்தன. சோலாப்பூரில் என். வி. கானிட்கரும் அவருடன் பணியாற்றியோரும் சரிவில் வழிந்தோடும் நீரையும் அதோடு அடித்துச் செல்லப்படும் மண்ணையும் அளந்தனர். சம உயர வரப்பு, ஆழ உழவு, தொழு உரம், குறைந்த விதையளவு, அகன்ற வரிசை இடைவெளி ஆகியவை சேர்ந்த ‘பம்பாய் மானாவாரி முறை’ இவ்வாய்வுகளின் விளைவு. 1942-இல் பம்பாய் நில மேம்பாட்டுத் திட்டச் சட்டம் வந்ததும் வரப்பு அரசுத் திட்டமாயிற்று.

வரப்பு தடுப்பது நிலத்தின் மேல் ஓடும் நீரை மட்டுமே. தடுக்கப்பட்ட நீர் செம்மண்ணில் ஓரளவு விரைவாக உள்ளிறங்கிவிடும். கரிசலின் போக்கு வேறு. கோடையில் ஆழமாக வெடித்துக் கிடக்கும் கரிசல், முதல் மழையை வெடிப்புகளின் வழியே விழுங்கிக்கொள்ளும். நனைந்தபின் களி உப்பி வெடிப்புகள் மூடிக்கொள்ள, நீர் இறங்கும் வேகம் மிகவும் குன்றிவிடும். செப்டம்பர்ப் பெருமழை வரும்போது வரப்பின் மேற்புறம் நீர் தேங்கி நிற்கும். அவ்விடத்தில் ரபி சோள விதைப்பு தள்ளிப்போகும். வரப்பும் அதே களியால் ஆனது. காய்ந்து வெடித்த வரப்பு அடுத்த மழையில் உடையும். மேல் வரப்பு உடைந்தால் அந்த வெள்ளம் கீழ் வரப்பையும் சேர்த்து அடித்துச் செல்லும்.

நீர் நிரம்பாத மண்ணில் ஈரம் நகர்வதை விவரிக்கும் ரிச்சர்ட்ஸ் சமன்பாடு 1931-இலேயே அமெரிக்காவில் வெளிவந்துவிட்டது. ஆனால் அதைச் சோலாப்பூரார் கையாளவில்லை என்று குறை கூறுவது நியாயமன்று. அச்சமன்பாட்டின் அடிப்படை, உருமாறாத மண். வீங்கிச் சுருங்கும் கரிசல் அதற்கு எளிதில் அடங்குவதில்லை.

உழவர்கள் பல இடங்களில் வரப்புகளைச் சிறுகச் சிறுக உழுது கரைத்தனர். சம உயரக் கோடு வயல் எல்லையைப் பொருட்படுத்தாமல் குறுக்கே செல்வது. ஏர் திருப்ப இடமில்லை, மூலை நிலம் துண்டாகிறது, பக்கத்து வயலின் நீர் தன் வயலில் வந்து நிற்கிறது. இதை அறியாமை என்று ஒதுக்கியது அதிகார வட்டத்தின் பிழை. மழைக்காலத்தில் நிலத்தைத் தரிசாக விட்டு, மண்ணில் தங்கிய ஈரத்தைக் கொண்டே ரபிப் பயிர் எடுத்து வந்தவர்கள் அவர்கள்.

1954-இல் கரிசல் பகுதிக்கென பெல்லாரியில் மண் பாதுகாப்பு ஆய்வு மையம் தொடங்கியது. 1972-இல் ஹைதராபாத் அருகே நிறுவப்பட்ட இக்ரிசாட், கரிசலுக்கு அகன்ற மேட்டுப்பாத்தியும் சாலும் கொண்ட அமைப்பை முன்வைத்தது. ஒன்றரை மீட்டருக்கு ஒரு சால், மென்சரிவில். மிகுநீர் மெல்ல வடிய, பாத்தியில் ஈரம் தங்கும். அரை நூற்றாண்டாகத் தடுப்பதையே கற்பித்த துறை, கரிசலில் வடிப்பதையும் கற்பிக்கத் தொடங்கியது அப்போதுதான். அந்த அமைப்பும் உடனே பரவவில்லை; அதற்குரிய மாட்டு வண்டிக் கருவியின் விலை சிறு உழவருக்கு எட்டவில்லை. டிராக்டரில் பூட்டும் விதைப்புக் கருவி வந்தபின், மகாராஷ்டிரத்தின் சோயா வயல்களில் அது மீண்டும் தலைகாட்டியிருக்கிறது.