துளைப்பானின் தாடை

2011 டிசம்பர் 30 அன்று அதிகாலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அடுத்த மாதம், பொங்கல் கழிந்த சில நாட்களில், விருத்தாசலத்திலிருந்து நெய்வேலியை ஒட்டிப் பண்ருட்டி செல்லும் வழியில் ஒரு பகல் முழுக்கச் சுற்றிவர நேர்ந்தது. நிழலாகவே என் நினைவில் தங்கியிருந்த நிலம் வெட்டவெளியாகக் கிடந்தது. முந்திரி மரங்கள் வேரோடு புரண்டு, செம்மண் ஒட்டிய வேர்த்தூரை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தன. பலா மரங்கள் இடுப்பளவில் முறிந்து நின்றன. தோப்புக்குத் தோப்பு ஒரே ஒலி. தூரத்தில் மோட்டார் சைக்கிளை யாரோ வீணாக உறுமவிடுவது போலிருந்தது. அருகில் போனால் சங்கிலி ரம்பம்.

ஒரு தோப்பில் முதியவர் ஒருவரைப் பார்த்தேன். நாற்பது ஆண்டுகள் கைரம்பம் பிடித்தவர். மைத்துனர் கீழே, அவர் மேலே என்று பலகை அறுத்த கதைகளை வைத்திருந்தார். இப்போது மகன் வாடகைக்கு எடுத்த எந்திரத்துக்கு எடுபிடியாகக் கிளைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எந்திரம் ஓய்ந்த இடைவேளையில் சங்கிலியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பல்லுன்னா நிமிந்து நிக்கணுங்க. இது குனிஞ்சு கெடக்குது பாருங்க. பல்லு இல்லீங்க இது, கொக்கி."

கிண்டலாகத்தான் சொன்னார். சங்கிலி ரம்பத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் அந்த எந்திரத்தைப் பற்றிச் சொல்லத்தக்க மிக முக்கியமான செய்தியை அவர் ஒரே பார்வையில் கண்டுவிட்டார் என்பது எனக்கு விளங்கியது.

ரம்பம் என்பது உலகெங்கும் ஒரே கருவி என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அப்படியில்லை. தரையில் அமர்ந்து, மரத்தைக் காலால் அழுத்திப் பிடித்து வேலை செய்வது நம் தச்சர்களின் பழைய முறை. அதற்கேற்ப ரம்பத்தின் பற்கள் கைப்பிடியை நோக்கிச் சாய்ந்திருக்கும். தன்னை நோக்கி இழுக்கும்போது அறுக்கும். மேசையில் மரத்தை இறுக்கி, நின்றுகொண்டு, தோளின் எடையைத் தள்ளி அறுப்பவர் ஐரோப்பியத் தச்சர். அவருடைய ரம்பத்துக்குப் பல் எதிர்ப்புறம் சாய்ந்திருக்கும். இழுபடும் தகடு தானே விறைத்துக்கொள்ளும் என்பதால் மெல்லியதாக இருக்கலாம். தள்ளப்படும் தகடு வளைந்துவிடாமலிருக்கத் தடிமன் வேண்டும். ஜப்பானியர் இழுக்கும் கட்சி. ஹொகுசாயின் ஃபூஜி மலைக் காட்சிகளில் தோதோமி மலைநாட்டைக் காட்டும் ஓவியத்தைப் பார்த்தவர்களுக்கு அது நினைவிருக்கும். பெரிய உத்தரம் ஒன்று முட்டுக்கொடுக்கப்பட்டு வானை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. மேலே ஒருவர், கீழே ஒருவர், கையில் அகன்ற தகடு கொண்ட ரம்பம். உடையை மட்டும் மாற்றினால் நம்மூர் மரம் அறுக்கும் களம்தான் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அங்கே ஆளுக்கொரு ரம்பம். இங்கே இருவருக்கும் ஒன்றே. நம் முறையில் கீழே நிற்பவர் கண்ணில் தூள் விழ விழ, மேலே நிற்பவரின் மூச்சுக்குத் தன் மூச்சைப் பொருத்திக்கொண்டாக வேண்டும்.

தமிழில் இதற்கு ஈர்வாள் என்ற பழைய சொல் உண்டு. வள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில் நாள் என்பதை உயிரை ஈர்ந்துகொண்டே போகும் வாளாகக் காண்பது இந்தக் கருவியை நினைத்துத்தான். போர்வாள் ஒரே வீச்சில் முடித்துவிடும். இது போய்ப்போய் வரும். சலிப்பூட்டும் பேச்சை 'அறுவை' என்றும் 'ரம்பம்' என்றும் சொல்லும் நம் இளைஞர்கள் அறியாமலே வள்ளுவரோடு உடன்படுகிறார்கள்.

இந்தப் போய்வருதலை ஒழித்ததே சங்கிலியின் சாதனை. ஆனால் அது மரத்துக்காகப் பிறக்கவில்லை. 1780களில் ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரு மருத்துவர்கள், உடலுக்குள் குறுகிய இடத்தில் எலும்பை அறுக்கப் பல் வைத்த சிறு சங்கிலி ஒன்றை உருவாக்கினார்கள். இரு முனையிலும் கைப்பிடி, நடுவே கைக்கடிகாரச் சங்கிலி போன்ற ஒன்று. பிரசவத்தின்போது இடுப்பெலும்பு இணைப்பைப் பிளப்பதும் அதன் பயன்களில் ஒன்று. மயக்கமருந்து இல்லாத காலம் அது என்பதை நினைத்தால் மேலே எழுதக் கை வரவில்லை. 1830இல் ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் ஹைன என்ற மருத்துவக் கருவி வல்லுநர், தகட்டைச் சுற்றி ஓடும் சங்கிலியைக் கைச்சுழற்றியால் இயக்கும் எலும்பு ரம்பத்தைச் செய்தார். வடிவத்தில் இன்றைய எந்திரத்தின் தாத்தா அதுதான்.

மரத்துக்கு அது வந்து சேர நெடுநாளாயிற்று. ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926இல் செய்த மின்சார ரம்பம் 64 கிலோ. இருவர் சுமக்க வேண்டும். அடுத்த ஆண்டு எமில் லெர்ப் பெட்ரோலில் ஓடும் ரம்பத்தைத் துரிங்கியா பகுதியின் டால்மர் மலையில் ஓட்டிக் காட்டி, மலையின் பெயரையே தம் நிறுவனத்துக்கு வைத்தார். எஞ்சின் ஆண்டுக்காண்டு இளைத்தது. பல்தான் மாறவில்லை. கைரம்பத்தின் பற்களை அப்படியே பெயர்த்துச் சங்கிலியில் பதித்திருந்தார்கள்: நார்களை இருபுறமும் கீறச் சில பற்கள், கீறியதை வாரி எறியச் சில பற்கள். கையின் வேகத்துக்கு ஏற்ற அந்த ஏற்பாடு எஞ்சினின் வேகத்துக்கு ஒத்துவரவில்லை. சீக்கிரம் மழுங்கியது, ஒவ்வொரு பல்லாகத் தீட்டுவதில் அரைநாள் போயிற்று.

1946 இலையுதிர்காலத்தில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலக் காட்டில் விறகு வெட்டிக்கொண்டிருந்த ஜோசஃப் காக்ஸ் என்பவர், ஓர் அடிமரத்தில் புழு ஒன்றைக் கண்டார். கட்டைவிரல் பருமன். நாரின் போக்கிலும் அதற்குக் குறுக்கிலும் ஒரே எளிமையுடன் மரத்தைத் தின்றுகொண்டு போயிற்று. அதன் தாடைகள் 'சி' எழுத்துப்போல் உள்நோக்கி வளைந்தவை. இடமும் வலமுமாக மாறிமாறிக் கடித்தன. காக்ஸ் அதைப் பார்த்துச் செய்த சங்கிலி 1947இல் விற்பனைக்கு வந்தது. அதில் பல் நிமிர்ந்து நிற்பதில்லை. மேல்விளிம்பு உள்ளே மடிந்திருக்கும். ஒன்று இடப்புறம், அடுத்தது வலப்புறம். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சிறு முட்டு. எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அது வரையறுக்கும். இந்தப் பல் கீறுவதில்லை, செதுக்குகிறது. ஆகவேதான் கூரான சங்கிலி ரம்பத்திலிருந்து தூள் வராது, செதில் வரும். இன்று உலகில் ஓடும் சங்கிலிகளில் மிகப் பெரும்பாலானவை அந்தத் தாடையின் வழிவந்தவையே. அதாவது நம் முதியவர் சொன்ன கொக்கி.

அந்தப் புழு நீள்கொம்பு வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வண்டின் புழு. அதே குடும்பத்து வண்டு ஒன்றின் புழுவை விருத்தாசலம் வட்டார விவசாயிகள் காக்ஸைவிட நன்றாக அறிவார்கள். முந்திரியின் தண்டு, வேர் துளைப்பான் அது. அடிமரத்தில் பட்டைக்கு உள்ளே புகுந்து தின்னும். பிசின் கசியும், மரத்தடியில் சக்கை குவியும், இலை மஞ்சளாகும், கவனிக்காமல் விட்டால் மரம் பட்டுப்போகும். வி.ஆர்.ஐ. 3 போன்ற முந்திரி ரகங்களை வெளியிட்ட விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரைகளில் இந்தத் துளைப்பானுக்கு எப்போதும் இடமுண்டு. பட்ட மரத்தை அறுக்க விவசாயி கொண்டுவரும் எந்திரத்தின் பல், அந்த மரத்தைக் கொன்றவனின் உறவினரிடம் கற்றுக்கொண்ட பல். இதை முதலில் உணர்ந்தபோது எனக்குச் சற்று நேரம் வேறெதுவும் ஓடவில்லை.

முந்திரியே அயல்மரம்தான். பிரேசிலிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்தது. விருத்தாசலம், புதுமைப்பித்தனின் இயற்பெயராக இலக்கிய வாசகர்களுக்கு அறிமுகமான ஊர், அயல்பொருளைத் தன்வசமாக்கிக்கொள்வதில் பழக்கமுள்ளது. பீங்கான் பொம்மைகளும் மின்சாதனப் பீங்கான்களும் செய்யும் பட்டறைகள் நிறைந்த ஊர் அது. (சங்கிலி ரம்பத்திலும் ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைக் கழுத்து பீங்கான்தான்.) கிழக்கே நெய்வேலியில் மண் அள்ளியவை ஜெர்மானிய எந்திரங்கள், 1962இல் மின்சாரம் தரத் தொடங்கி 2020இல் நிறுத்தப்பட்ட முதல் அனல் மின்நிலையம் சோவியத் ஒத்துழைப்பில் எழுந்தது. இரு முகாம்களின் இரும்பும் ஒரே ஊரில் அருகருகே வேலைசெய்தன.

சங்கிலி ரம்பத்திலும் அந்த இரு முகாம்கள் இருந்தன. 1959இல் ஸ்டில் வெளியிட்ட 'கான்ட்ரா', பல்சக்கரப் பெட்டி இல்லாமல் எஞ்சினிலிருந்து நேராகச் சங்கிலியை இயக்கியது. பின்னால் ஒரு பிடி, மேலே வளைந்த ஒரு பிடி, தாழ்ந்த உடல். இன்று நம் தோப்புகளில் காணும் 58 சி.சி. சீன எந்திரம் வரை எல்லாம் இந்த வகை. சோவியத் ரம்பம் வேறு கற்பனை. 1955 முதல் உக்ரைனின் சபோரிஷியாவில் செய்யப்பட்ட அதன் பெயர் 'ட்ருஷ்பா'. நட்பு என்று பொருள். 1654இல் கொசாக்குகள் ருஷ்ய ஜாருடன் செய்துகொண்ட பெரயாஸ்லாவ் உடன்பாட்டின் முந்நூறாம் ஆண்டு நினைவாக இட்ட பெயர். அந்த நட்பு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் செய்தித்தாள் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ட்ருஷ்பாவின் படத்தை முதன்முதலில் பார்ப்பவர் அது ரம்பம் என்று நம்பமாட்டார். எஞ்சினிலிருந்து இரு நீண்ட பிடிகள் சைக்கிள் ஹேண்டில்பார் போல மேலெழுந்திருக்கும். நிற்கும் மரத்தின் அடியைக் குனியாமல், முதுகு நிமிர்ந்து அறுக்கலாம். மரத்தை வீழ்த்தும்போது சங்கிலித் தகடு படுக்கையாக இருக்கும். வீழ்ந்ததைத் துண்டுபோட அதைத் திருப்பிச் செங்குத்தாக வைத்துக்கொள்ளலாம். எஞ்சினைச் சாய்க்க வேண்டியதில்லை. கயிறு இழுக்கும் ஸ்டார்ட்டரைக் கிளப்பிய பிறகு கழற்றி வைத்துவிடலாம், எடை குறைய. அப்படியும் ஏறக்குறைய 12 கிலோ. நாள் முழுக்க ஒரே வகை மரத்தை வரிசையாக வீழ்த்தும் தொழிலாளியின் முதுகெலும்பை மனத்தில் வைத்து வரையப்பட்ட கருவி அது. ஆனால் கிளை கழிக்க அந்த உயர்ந்த பிடி இடைஞ்சல். 1970களில் ஜெர்மனியில் வாங்கல் சுழல் எஞ்சின் வைத்த டால்மர் ரம்பம் ஒன்றும் வந்தது. ஆர்வலர்களின் அலமாரியில் போய்ச் சேர்ந்தது.

எப்படி வேறுபட்டாலும் இவை யாவும் ஓங்கி வளர்ந்த ஊசியிலை மரத்தை எண்ணிச் செய்யப்பட்டவை. முந்திரி அப்படி வளர்வதில்லை. கிளைகள் மண்ணைத் தொட்டுப் படரும். புயலில் சாய்ந்தால் எந்தக் கிளை வில்லாக வளைந்து விசையோடு காத்திருக்கிறது என்று சொல்ல முடியாது. சங்கிலி தகட்டின் கீழ்ப்புறத்தில் எஞ்சினை நோக்கியே ஓடுகிறது. அந்த வகையில் அதுவும் நம் பழைய ரம்பம் போல இழுத்து அறுப்பதுதான். ஆனால் தகட்டின் மூக்கில், சங்கிலி திரும்பும் மேல்வளைவில், ஒரு கிளை பட்டால் எந்திரம் முழுவதும் அறுப்பவரின் முகத்தை நோக்கி எழும். அந்தக் கணத்தில் சங்கிலியை நிறுத்தும் பிரேக் 1970களில்தான் பரவலாயிற்று. அன்று நான் பார்த்த எவரிடமும் தலைக்கவசமோ தொடையைக் காக்கும் தடித்த காற்சட்டையோ இல்லை. லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார்கள்.

அதிர்வும் உண்டு. ஆண்டுக்கணக்கில் ரம்பம் பிடித்தவர்களுக்கு விரல் வெளுத்து மரத்துப்போகும் நோயை ஜப்பானிலும் பின்லாந்திலும் பிரிட்டனிலும் மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்தார்கள். 1960களின் நடுப்பகுதியிலிருந்து பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரப்பர் தாங்கிகள் வந்தது அதனால்தான். குளிர்தான் விரலை வெளுக்கச் செய்கிறது; நம் வெயிலில் அது எளிதில் கண்ணுக்குப் படாது. நரம்பின் சேதம் வெயில் பார்த்து நிற்பதில்லை.

விருத்தகிரீசுவரர் கோயிலைக் கட்டியவர்களுக்கு விபசித்து முனிவர் வன்னி இலையைக் கூலியாகக் கொடுத்தார், அவரவர் உழைப்புக்கேற்ப அது பொன்னாயிற்று என்பது தலபுராணம். கைரம்பத்துக்குக் கூலி அளந்து தரப்பட்டது. அறுத்த அளவுக்குக் காசு, அதை இருவர் பகிர்ந்துகொள்வார்கள். எந்திரத்துக்கு மணிக்கணக்கு. வாடகையும் பெட்ரோலும் எண்ணெயும் போனபின் மிஞ்சுவது பிடித்தவருக்கு. இழுத்துப்போடுபவருக்கு ஒரு நாள் கூலி. ஆனால் கைரம்பத்தை மட்டுமே நம்பியிருந்தால் அந்தத் தோப்புகளை எப்போது ஒழித்திருப்பார்கள், எப்போது மறு கன்று வைத்திருப்பார்கள் என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை. முதியவரும் எந்திரத்தைக் குறை சொல்லவில்லை. பரணில் கிடக்கும் தன் ரம்பத்தைக் கீழே பிடிக்க மைத்துனர் இப்போது இல்லை என்று மட்டும் சொன்னார்.

பிற்பகலில் எந்திரத்திலிருந்து செதில் நின்று மாவு போலத் தூள் வரத் தொடங்கியது. மகன் அதை அணைத்துவிட்டுத் தந்தையைப் பார்த்தான். முதியவர் தன் பையிலிருந்து முக்கோண அரத்தை எடுத்தார். பல்லில் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கி உள்ளே போட்டுவிட்டார். மகன் உருட்டு அரத்தை நீட்டினான். அவர் தரையில் அமர்ந்து, தகட்டை இரு பாதங்களுக்கு நடுவே அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு பல் விட்டு ஒரு பல்லாக இடப்புறத்தவற்றை முதலில் தீட்டினார். பிறகு திரும்பி அமர்ந்து வலப்புறத்தவற்றை. இருபது நிமிடம் ஆகியிருக்கும். எந்திரம் மறுபடி கிளம்பியபோது வெளிர் செதில்கள் அவர் காலடியில் வந்து விழுந்தன. ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.