கன்பூசியஸ் 'ஆமாம் சாமி' போடச் சொன்னாரா?

கன்பூசியஸ்னு சொன்னதும் மனசுல என்ன வருது? நீளத் தாடி, கூப்பின கை, "பெரியவங்க பேச்சைக் கேளு"ங்கிற உபதேசம். ராஜாவுக்கு அடங்கு, அப்பாவுக்கு அடங்கு, அவர் சரக்கு அவ்வளவுதான்னு பலரும் முடிச்சிடறாங்க. அந்த நெனப்பை ஆட்டிப் பார்த்தது ஒரு கல்லறை.

சீனாவின் ஹூபே மாகாணத்தில், ஜிங்மென் நகரத்துப் பக்கம் குவோதியான்னு ஒரு இடம். 1993-ல் அங்கே ஒரு பழைய கல்லறையில் திருடர்கள் கை வைத்தார்கள். அப்புறம்தான் தொல்லியல்காரங்க இறங்கித் தோண்டினாங்க. உள்ளே எழுத்துள்ள மூங்கில் ஏடுகள், சுமார் 730. கட்டியிருந்த நூல் மக்கிப்போய், எது முன்னே எது பின்னேன்னே தெரியாத குவியல். அடுக்கி, படித்து, 1998-ல் வெளியிட்டார்கள்.

இதுல என்ன விசேஷம்? கல்லறை மூடப்பட்டது ஏறக்குறைய கி.மு. 300-ல். சின் பேரரசன் புத்தகங்களை எரிக்கச் சொன்னது கி.மு. 213. ஹான் பேரரசு கன்பூசிய நூல்களை அரசாங்கப் படிப்பாக்கியது கி.மு. 136. ஆக, எரிச்ச அரசும் சரி, ஏத்துக்கிட்ட அரசும் சரி, தொட முடியாத பிரதி இது!

அதிலே ஒரு குட்டிக் கதை. கன்பூசியஸின் பேரன் ஸிஸுவிடம் லூ நாட்டுக் கோமகன் மூ கேட்கிறார்: விசுவாசமான மந்திரி யாரு? எப்பவும் அரசனோட குறையை எடுத்துச் சொல்றவன்தான்னு ஸிஸு பட்டுனு சொல்லிடறார். கோமகன் முகம் சுருங்கிப் போச்சு. அப்புறம் இன்னொருத்தர் வந்து விளக்கறார்: அரசனுக்காக உயிரை விடறவனுக்காவது பதவி, சம்பளம்னு ஒரு கணக்கு இருக்கும், குறை சொல்றவன் அதையெல்லாம் தூரத் தள்ளிட்டுத்தான் வாயைத் திறக்கிறான். வேற ஒரு கட்டு ஏட்டில், ஆட்சியைப் பிள்ளைக்குக் கொடுக்காம தகுதியுள்ளவனுக்கு விட்டுக்கொடுப்பதே உயர்வுன்னு வாதம்!

எல்லாமே கன்பூசிய நூல்கள்தான்னு சொல்ல முடியாது. லாவோட்ஸு ஏடுகளும் கூடவே கிடைச்சுது. எந்த நூல் யார் எழுதினதுங்கிற சண்டையும் ஓயவில்லை. ஷாங்காய் அருங்காட்சியகம் 1994-ல் ஹாங்காங் சந்தையில் வாங்கின ஏடுகளுக்கு எந்தக் கல்லறைன்னே தெரியாது. குவோதியான் ஏடுகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஸ்காட் குக் 2012-ல் அவை முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

ஏடு கிடக்கட்டும், ஆளைப் பாருங்க. 1966-ல் செங்காவலர்கள் சூஃபூவில் இருக்கும் கன்பூசியஸ் சமாதியை உடைத்தார்கள். 1974-ல் அவரைத் திட்டுவதற்கென்றே நாடு தழுவிய இயக்கம். 2004-ல் அதே அரசு அவர் பேரில் வெளிநாடுகளில் சீனமொழி கற்பிக்கும் நிலையங்களைத் தொடங்கியது. முதல் நிலையம் சியோலில். 2011 ஜனவரியில் தியானன்மென் சதுக்கத்துப் பக்கம் அவருக்குப் பெரிய சிலை. ஏப்ரலில் அது காணோம்!

திட்டினவங்களும் சரி, தூக்கி வெச்சவங்களும் சரி, அவரை அடங்கிப் போகச் சொல்ற ஆளாத்தான் பார்த்தாங்க. ஒருத்தருக்கு அது குத்தம், இன்னொருத்தருக்கு அது வசதி. அவர் பேரனோட பேர்ல இப்படி ஒரு பதில் இருக்குன்னு காட்ட, ஏட்டை அடுக்கிப் படிக்கிற ஆராய்ச்சிக்காரங்கதான் வரவேண்டியிருந்தது. இனிமே யாராவது "எங்க பாரம்பரியத்துல தலைவரைக் கேள்வி கேக்கறதில்லை"ன்னா, எந்த ஏட்டுலன்னு கேளுங்க.